ஈட்டி எறிந்த இடதுகை: ரிங்கு சிங்கின் பேஸ்பால் ஆண்டுகள்

(தொடர் – 11)

ரிங்கு குமார் சிங் 1988 ஆகஸ்ட் 8-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் பதோஹி மாவட்டத்தில் பிறந்தார். வாரணாசிக்கும் பிரயாக்ராஜுக்கும் (முன்பு அலகாபாத்) நடுவே கிடக்கும் அந்த வட்டாரம் கம்பள நெசவுக்குப் பேர்போனது. அப்பா லாரி ஓட்டுநர். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். எல்லோரும் வளர்ந்தது ஒற்றை அறை வீட்டில். 2023-இல் ஐ.பி.எல். ஆட்டமொன்றின் கடைசி ஓவரில் ஐந்து சிக்ஸர் அடித்துப் பெயர் வாங்கிய அலிகார் ரிங்கு சிங் வேறு ஆள். அந்தப் பெயரைக் கேட்டதும் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருபவர் கிரிக்கெட்காரர்தான். அவருக்குப் பல ஆண்டுகள் முன்பே அதே மாநிலத்திலிருந்து அமெரிக்கா போய், பேஸ்பால் பந்து வீசிச் சம்பளம் வாங்கிய முதல் இந்தியர்களில் ஒருவர் இந்த ரிங்கு.

அவர் கையில் முதலில் இருந்தது பந்தல்ல, ஈட்டி. பள்ளி வயதிலேயே ஈட்டி எறிதலில் தேறி, ஜூனியர் தேசியப் போட்டியில் பதக்கம் வாங்கினார். அதன் பலனாக லக்னோவில் உள்ள குரு கோவிந்த் சிங் விளையாட்டுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. தங்குமிடமும் சாப்பாடும் படிப்பும் பயிற்சியும் அரசுச் செலவில் கிடைக்கும் நிறுவனம் அது. ஒற்றை அறை வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய கதவு அன்று வேறு எதுவும் திறந்திருக்கவில்லை. வாரணாசி அருகே பிறந்த தினேஷ் குமார் படேலும் அதே கல்லூரியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தார். 1989 மே மாதம் பிறந்தவர், பாட்டியிடம் வளர்ந்தவர். ரிங்கு இடக்கையர், தினேஷ் வலக்கையர். இருவரின் பேஸ்பால் வாழ்க்கையும் ஒரே நாளில் தொடங்கி வெவ்வேறு இடங்களில் முடிந்தது.

2008-க்கு முன்பு வரை இந்தியாவிலிருந்து யாரும் இந்த விளையாட்டுக்குத் தொழில்முறையாகப் போகாததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. எந்தக் கொடி எங்கே பறந்ததோ, அங்கே அந்த நாட்டு ஆட்டம் வேரூன்றியது. ஆங்கிலேயர் கிரிக்கெட்டையும் ஹாக்கியையும் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியில் கால்பந்தும், இரும்புக் குண்டை உருட்டி ஆடும் பெத்தாங்கும் ஊன்றின. 1954-இல் ஆட்சி கைமாறிய பிறகும் பெத்தாங் ஊரை விட்டுப் போகவில்லை. பேஸ்பால் பரவியது அமெரிக்கர்களின் வணிகமும் படையும் பள்ளிகளும் சென்ற வழியில்: கியூபா, ஜப்பான், பிலிப்பைன்ஸ், டொமினிக்கன் குடியரசு. இந்தியப் பெருங்கடல் அந்த வழியில் இல்லை. விளையாட்டுப் பொருள் வணிகர் ஆல்பர்ட் ஸ்பால்டிங் 1888–89-இல் இரண்டு அமெரிக்க அணிகளைக் கப்பலேற்றி உலகம் சுற்றினார். ஆஸ்திரேலியாவை முடித்துக்கொண்டு 1889 ஜனவரியில் அவர்கள் கொழும்பில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடிக் காட்டினார்கள். அங்கிருந்து இந்தியக் கரையைத் தொடாமலே எகிப்துக்குப் போய்விட்டார்கள். பாக் நீரிணைக்கு அக்கரை வரை வந்த பந்து இக்கரைக்கு வர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. வந்தபோதும் அது விளையாட்டாக வரவில்லை, தொலைக்காட்சிப் போட்டியாகத்தான் வந்தது.

ஜே.பி. பெர்ன்ஸ்டீன் அமெரிக்க விளையாட்டு வீரர்களுக்கு விளம்பர ஒப்பந்தங்கள் பிடித்துக் கொடுத்த முகவர். இந்தியாவில் கோடிக்கணக்கான இளைஞர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், அவர்களில் நூறு மைல் வேகத்துக்குப் பந்தை எறியக்கூடிய ஒரு கை இல்லாமலா போகும் என்பது அவர் போட்ட கணக்கு. முதலீட்டாளர்கள் ஆஷ் வாசுதேவனும் வில் சாங்கும் அவரோடு சேர்ந்தார்கள். ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற பெயரில் ஊர் ஊராகப் போட்டி நடந்தது. வேகமானி முன்னால் நின்று, குறிக்குள் விழும்படி எவ்வளவு வேகமாக எறிய முடியுமோ எறிய வேண்டும். 37,000-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். கடைசியில் மிஞ்சி நின்றவர்கள் கிரிக்கெட் பந்துவீச்சாளர்கள் அல்லர். லக்னோ கல்லூரியின் ஈட்டிக்காரர்கள்தான்.

இதை வெறும் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. கிரிக்கெட்டில் பந்து வீசுபவர் முழங்கையை மடக்கி எறிந்தால் நோபால். பந்தை விடும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது என்பது இன்றைய விதி. சின்ன வயதிலிருந்து அந்தக் கட்டுக்குள் பழகிய கை, பேஸ்பாலுக்குத் தேவையான சாட்டை வீச்சை அறியாது. ஈட்டிக்கோ அந்த வீச்சுதான் உயிர். இடுப்பு முதலில் திரும்பும், நெஞ்சு பின்தொடரும், தோள் பின்னால் வளையும், மடங்கிய முழங்கை முன்னே வரும், கடைசியில் மணிக்கட்டு. அடித்தளத்திலிருந்து விரல் நுனி வரை விசை படிப்படியாக ஏறுவது இரண்டு எறிதலுக்கும் பொது. ஆண்களின் ஈட்டி 800 கிராம். பேஸ்பால் பந்து சுமார் 145 கிராம். அவ்வளவு கனத்தை எறிந்து பழகிய கைக்குப் பந்து ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் ஒற்றுமை அத்தோடு சரி. ஈட்டிக்காரருக்கு ஓடிவர நீண்ட பாதை உண்டு. பந்து வீசும் பிட்சர் மண்மேட்டின் மீது நின்ற இடத்திலிருந்தே எறிய வேண்டும். ஈட்டி மேல்நோக்கிப் போக வேண்டும். பந்து பத்து அங்குல உயர மேட்டிலிருந்து கீழ்நோக்கி இறங்க வேண்டும். ஈட்டி விரிந்த வயலுக்குள் எங்கே விழுந்தாலும் தூரம்தான் கணக்கு. பந்தோ 18.44 மீட்டருக்கு அப்பால், 43 சென்டிமீட்டர் அகலமே உள்ள தட்டுக்கு மேல், பேட்டரின் நெஞ்சுக்கும் முட்டிக்கும் இடைப்பட்ட வெளியைக் கடந்து போக வேண்டும். ஈட்டிப் போட்டியில் ஆறு எறிதலோடு அன்றைய வேலை முடிந்தது. பிட்சர் ஒரு இன்னிங்ஸுக்கே பதினைந்து, இருபது முறை எறிந்துவிட்டு, ஓரிரு நாளில் மறுபடி மேடேற வேண்டும். வேகத்தைப் பிறவியிலேயே கொண்டுவந்தவருக்கும், குறியும் நிதானமும் மறுபடி மறுபடி ஒரே மாதிரி எறியும் திறனும் ஆண்டுக்கணக்கில் பழகித்தான் வரும். அமெரிக்கப் பிள்ளை அதை ஆறேழு வயதில் தொடங்குகிறது. ரிங்கு தொடங்கியது இருபதை நெருங்கியபோது.

2008 மார்ச்சில் மும்பையில் நடந்த இறுதிச் சுற்றில் ரிங்கு மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து வென்றார். பரிசு ஒரு லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ நாற்பது லட்சம் ரூபாய். 90 மைல் வேகத்தில் அடுத்தடுத்து மூன்று ஸ்ட்ரைக் (குறிக்குள் விழும் பந்து) எறிபவருக்கு என்று வைத்திருந்த பத்து லட்சம் டாலர் பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. அதுவரை ரிங்குவும் தினேஷும் ஒரு முழு பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்ததுகூட இல்லை. அந்த மே மாதம் இருவரும் லாஸ் ஏஞ்சலஸ் போனார்கள். பெர்ன்ஸ்டீன் வீட்டிலேயே தங்கல். கேட்டதையும் சொன்னதையும் மாற்றிச் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர் கூட இருந்தார்.

தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவர்களுக்குப் பயிற்சியளித்த டாம் ஹவுஸ், அமெரிக்க பேஸ்பாலின் உச்ச அடுக்கான மேஜர் லீகில் பந்து வீசியவர். 1974 ஏப்ரல் 8-ஆம் தேதி ஹாங்க் ஆரன் தமது 715-ஆவது ஹோம் ரன்னை அடித்து பேப் ரூத்தின் சாதனையை முறியடித்தபோது, எல்லைக்கு வெளியே அந்தப் பந்தைப் பிடித்தவர் இவர்தான். பிறகு டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியில் பயிற்சியாளராக இருந்து, நாற்பது வயதைத் தாண்டியும் வீசிக்கொண்டிருந்த நோலன் ரயனோடு வேலை செய்தார். எறிதலின் உடலியக்கத்தை அறிவியலாகப் பார்த்த முதல் தலைமுறைப் பயிற்சியாளர் அவர். பிட்சர்களை ஓவல் வடிவ அமெரிக்கக் கால்பந்தை எறியவைத்துக் கையைச் சீராக்கும் முறை அவருடைய அடையாளம். ஈட்டிக்கும் பந்துக்கும் இடையே பாலம் போட இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார். என்றாலும் கையிலிருந்த காலம் ஆறே மாதம். அதற்குள் எறியக் கற்க வேண்டும், கையுறை போட்டுப் பிடிக்கக் கற்க வேண்டும், ஆட்டத்தின் விதிகள் தெரிய வேண்டும், ஆங்கிலமும் வர வேண்டும்.

2008 நவம்பர் 6-ஆம் தேதி அரிசோனாவின் டெம்பி நகரில், மேஜர் லீக் அணிகளின் திறன் தேடுநர்கள் இருபது பேருக்குமேல் கூடியிருக்க, இருவரும் எறிந்து காட்டினார்கள். நவம்பர் 24-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஒப்பந்தமான முதல் இந்தியர்கள் இவர்கள். பைரேட்ஸ் அணி அப்போது இருந்த நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1993 முதல் ஒவ்வோர் ஆண்டும் வெற்றியைவிடத் தோல்வி அதிகம்; 2012 வரை அந்தத் தொடர் நீண்டு இருபது ஆண்டுகளைத் தொட்டது. பணக்கார அணிகளோடு ஏலத்தில் மோத முடியாத ஒரு அணி, யாரும் தேடாத இடத்தில் தேடிப் பார்த்ததில் நியாயம் உண்டு. அணிக்குச் செலவு சொற்பம். ஒப்பந்தத்தை விளம்பரம் என்று பேசியவர்கள் இருந்தார்கள். அதற்கான பதில் மைதானத்தில்தான் வர வேண்டியிருந்தது.

மைனர் லீகின் படிக்கட்டு

அமெரிக்க பேஸ்பாலில் உச்சியில் 30 மேஜர் லீக் அணிகள். ஒவ்வோர் அணிக்கும் கீழே, ரிங்கு போன காலத்தில், மைனர் லீக் எனப்படும் ஆறேழு கிளை அணிகள் அடுக்கடுக்காக இருந்தன. அடியில் புதியவர்களுக்கான ரூக்கி லீக். அதற்கு மேல் குறும்பருவ ஏ, கீழ்நிலை ஏ, மேல்நிலை ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ. அதற்கும் மேலேதான் தொலைக்காட்சியில் தெரியும் ஆட்டம். ஒவ்வொரு படியிலும் கீழிருந்து புதியவர்கள் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். ஏறாதவர் கழற்றிவிடப்படுவார். கல்லூரியில் நட்சத்திரமாக இருந்து தேர்வானவர்களிலும் பெரும்பாலோர் உச்சியைப் பார்க்காமலே வீடு திரும்புகிறார்கள்.

சம்பளமோ அன்று மிகக் குறைவு. கீழ்ப் படிகளில் மாதம் ஏறத்தாழ ஆயிரம் டாலர் அளவில் கிடைக்கும். அதுவும் ஆட்டப் பருவத்து மாதங்களுக்கு மட்டும். கடல் தாண்டி ஒப்பந்தத்தில் போவது புதுச்சேரிக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, குறித்த ஆண்டுகள் சேவை முடித்து, பிரான்சின் ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய சொல்தாக்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அந்த ஒப்பந்தத்தில் உடம்பைக் கொடுத்தவருக்குப் பின்னால் ஓர் அரசு நின்றது. மைனர் லீக் ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு நாள் காலை மேலாளர் அறைக்கு அழைத்துச் சொன்னால் அன்றே பையைக் கட்ட வேண்டியதுதான்.

2009 தொடக்கத்தில் இருவரும் புளோரிடாவின் பிராடென்டன் நகரிலுள்ள பைரேட்ஸ் பயிற்சி வளாகத்தில் சேர்ந்தார்கள். ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர நாளன்று, கல்ஃப் கோஸ்ட் லீகில் முதன்முறை மேடேறினார்கள். கல்ஃப் கோஸ்ட் லீக் என்பது ரூக்கி படி. பகல் வெயிலில் பயிற்சி மைதானங்களில் நடக்கும் ஆட்டங்கள். பார்க்க வருபவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். போட்டியாளர்களில் பாதிப் பேர் டொமினிக்கன் குடியரசிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் வந்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள். வயதில் இளையவர்கள், ஆட்ட அனுபவத்தில் பத்தாண்டு மூத்தவர்கள். ஜூலை 13-ஆம் தேதி ஆட்டத்தின் வெற்றி ரிங்குவின் பெயரில் பதிவாயிற்று. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டமொன்றில் வெற்றி பெற்ற பிட்சர் என்று பதிவான முதல் இந்தியக் குடிமகன் அவர்.

அந்த முதல் பருவத்தில் அவர் 11 ஆட்டங்களில் வீசினார். பிட்சரின் தரத்தை அளக்கப் பயன்படும் எண் ஒன்று உண்டு. சக தடுப்பாளர்களின் பிழையால் போன ரன்களைத் தள்ளிவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுத்தார் என்று சொல்வது அது. ரிங்குவின் அந்த எண் 2009-இல் 5.84. சுமாருக்கும் கீழ்தான். ஆனால் அடுத்த பருவத்தில் அதே லீகில் அது 3-க்குக் கீழே இறங்கிற்று. அதன் பயனாக 2010-இலேயே ஒரு படி மேலே, பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜ் ஸ்பைக்ஸ் அணிக்கு அனுப்பப்பட்டார். முதல் ஆண்டில் ரிங்குவைவிட நன்றாக வீசிய தினேஷுக்கு இரண்டாம் ஆண்டு சறுக்கிவிட்டது. 2010 டிசம்பரில் பைரேட்ஸ் அவரை விடுவித்தது. அவர் இந்தியா திரும்பி, விட்ட படிப்பைத் தொடர்ந்தார். பேஸ்பாலை இங்கே மற்றவர்களுக்குச் சொல்லித் தரும் வேலையிலும் ஈடுபட்டார். ரிங்கு தனியானார்.

2011-இல் இன்னும் ஒரு படி. மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன் நகரில் இருந்த வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணி, சவுத் அட்லாண்டிக் லீக், கீழ்நிலை ஏ. கல்லூரிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இளம் நட்சத்திரங்கள் முழுப் பருவமும் ஆடத் தொடங்கும் இடம் இது. ஊருக்கு ஊர் பேருந்துப் பயணம், ஏறத்தாழ தினமும் ஆட்டம். ரிங்கு அங்கே தொடக்கப் பிட்சர் அல்ல. ஆட்டத்தின் நடுவே வந்து ஒன்றிரண்டு இன்னிங்ஸ் தாங்கிக் கொடுக்கும் மாற்றுப் பிட்சர். இந்த வேலைக்கு இடக்கையருக்குத் தனி மதிப்பு இருந்தது. இடக்கை பேட்டருக்கு, தன் பக்கத்துத் தோளுக்குப் பின்னாலிருந்து கிளம்பி வெளியே விலகும் இடக்கைப் பந்தைப் பார்ப்பதே சிரமம். அதனால் ஒரே ஓர் இடக்கை பேட்டரை எடுப்பதற்காக இடக்கைப் பிட்சரைக் கொண்டுவந்து, உடனே மாற்றிவிடும் வழக்கம் மேஜர் லீகில் அப்போது இருந்தது. வருகிற பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்காவது வீச வேண்டும் என்ற விதி 2020-இல்தான் வந்தது. 2011-இல் ரிங்குவின் கைக்கு மேஜர் லீகில் ஓர் இடம் இருக்கிறது என்று நம்ப நியாயம் இருந்தது.

அந்த நம்பிக்கைக்கு 2012 உரம் போட்டது. முழுப் பருவமும் பவர் அணிக்கு ஆடிய ரிங்கு, 39 ஆட்டங்களில் 72 இன்னிங்ஸ் வீசினார். ரன் சராசரி 3.00. நான்கு ஆண்டு முன்பு பந்தைக் கையில் எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் இருந்தவர், பிறந்தது முதல் இதையே ஆடியவர்களுக்கு எதிராக, தொழில்முறை லீகில் சராசரிக்கு மேலான பிட்சராக நின்ற ஆண்டு அது. அவர் வாழ்க்கையில் போட்டி வெற்றியும் திரைப்படமும் பேசப்பட்ட அளவுக்கு இந்த 72 இன்னிங்ஸ் பேசப்படவில்லை. அவருடைய உண்மையான சாதனை இதுதான். ஓய்வுப் பருவத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை; தென் அரைக்கோளத்தில் கோடைக்காலம் வரும்போது ஆஸ்திரேலிய பேஸ்பால் லீகுக்குப் போய் வீசினார்.

முழங்கை

2013-இல் கை வலி வந்தது. முன்கையில் தொடங்கிய தொல்லை முழங்கை அறுவை சிகிச்சையில் போய் முடிந்தது. டாமி ஜான் அறுவை சிகிச்சை என்று பேஸ்பால் உலகம் அழைப்பது இதைத்தான்.

முழங்கையின் உட்புறத்தில் மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் இழுத்துப் பிடிக்கும் ஒரு தசைநார் இருக்கிறது. பிட்சரின் தோள் பின்னே வளைந்து முன்கை சாட்டையாக முன்னால் பாயும் கணத்தில், விசை முழுவதும் அந்தச் சிறிய பட்டையில் விழுகிறது. ஒவ்வொரு எறிதலிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு கிழிசல்கள் விழலாம், ஓய்வில் ஆறும், ஆறுவதற்குள் மறுபடி எறிந்தால் பெருகும். ஒரு நாள் அறுந்துவிடும். 1974-க்கு முன்பு அப்படி அறுந்தால் பிட்சரின் தொழில் முடிந்தது என்று பொருள். அந்த ஆண்டு செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கைப் பிட்சர் டாமி ஜானுக்கு, மருத்துவர் ஃபிராங்க் ஜோப் புதிய முறையொன்றைச் செய்து பார்த்தார். உடம்பில் பெரிதாகப் பயன்படாத தசைநாண் ஒன்றை மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து எடுத்து, முழங்கை எலும்புகளில் துளையிட்டு, அவற்றினூடே கோத்துக் கட்டினார். டாமி ஜான் 1976-இல் திரும்ப வந்து 1989 வரை வீசினார். மொத்தம் 288 வெற்றிகள். அவற்றில் 164 அறுவைக்குப் பிறகு வந்தவை.

அதன்பின் நூற்றுக்கணக்கான பிட்சர்களுக்கு இந்தச் சிகிச்சை மறுவாழ்வு தந்திருக்கிறது. ஆனால் எறிதலுக்குத் திரும்பவே ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். முதலில் முழங்கையை நீட்டி மடக்கப் பழக வேண்டும்; மாதங்கள் கழித்துச் சில மீட்டர் தூரத்துக்கு மெல்ல எறிய வேண்டும்; தூரத்தை வாரம் வாரமாகக் கூட்டி, கடைசியில்தான் மேடேற வேண்டும். பதினெட்டு வயதுக்காரருக்கு அந்த இடைவெளி தாங்கும். ரிங்குவுக்கு அப்போது வயது 25. படிக்கட்டில் அவர் நின்ற படிக்கு அதுவே கூடுதல். 2013, 2014, 2015 என மூன்று பருவங்கள் ஆட்டமின்றிப் போயின. பிந்தித் தொடங்கியவருக்கு இழக்கக் கூடாத ஒரே சொத்து காலம், அதுதான் போயிற்று. அவரைத் திருப்பி அனுப்பிவிடாமல் பைரேட்ஸ் அந்த ஆண்டுகளிலும் ஒப்பந்தத்தில் வைத்திருந்ததே, அந்தக் கையின் மீது அணிக்கு இருந்த மதிப்பைச் சொல்கிறது. மேஜர் லீக் மேட்டில் அவர் ஒருபோதும் ஏறவில்லை.

அவர் கை கட்டுக்குள் கிடந்த காலத்தில்தான் அவர் கதை திரைக்கு வந்தது. டிஸ்னி நிறுவனத்தின் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ 2014 மே மாதம் வெளியானது. இயக்கம் கிரெய்க் கில்லெஸ்பி, பெர்ன்ஸ்டீனாக ஜான் ஹாம், இசை ஏ.ஆர். ரகுமான். ரிங்குவாக நடித்த சூரஜ் சர்மாவைப் புதுச்சேரி முன்பே அறியும். ஆங் லீயின் ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்காக 2011 தொடக்கத்தில் தாவரவியல் பூங்காவிலும் நகரின் பழைய தெருக்களிலும் படப்பிடிப்பு நடந்தது. யான் மார்டலின் நாவலில் பிறந்து வளர்ந்த ஊர் புதுச்சேரியாகவே இருக்கும் பை படேலாக அதில் நடித்தவர் அவர். தினேஷாக நடித்தவர் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் மதுர் மிட்டல்.

படத்தின் மையம் முகவர்தான். இரண்டு இளைஞர்களால் அவர் மனம் மாறுவதே கதை. இருவரும் ஒப்பந்தமாகும் இடத்தோடு அது முடிகிறது. அதாவது ரிங்குவின் தொழில் வாழ்க்கை எங்கே தொடங்குகிறதோ, அங்கே திரை இருண்டுவிடுகிறது. பிராடென்டன் வெயிலும், சார்ல்ஸ்டன் பேருந்துகளும், 2012-இன் 72 இன்னிங்ஸும், முழங்கையும் படத்துக்கு வெளியே நிற்கின்றன. இன்றும் ரிங்குவைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி அந்தப் படம் முடியும் இடத்தைத் தாண்டுவதில்லை. ஒரு விளையாட்டு வீரனுக்கு இது பெரிய அநீதி.

பேஸ்பாலை விட்டபோது ரிங்குவுக்கு முப்பது ஆகவில்லை. ஆறடிக்கு மேல் உயரமும், ஆண்டுக்கணக்கில் எடைப் பயிற்சியில் ஏறிய உடம்பும் கைவசம் இருந்தன. 2017-இல் துபாயில் நடந்த தேர்வுக்குப் பிறகு, 2018 ஜனவரியில் உலக மல்யுத்தக் கேளிக்கை நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ. அவரை ஒப்பந்தம் செய்தது. மறுபடியும் புளோரிடா, இம்முறை ஆர்லாண்டோ பயிற்சிக் கூடம். கூடவே சேர்ந்தவர் சௌரவ் குர்ஜர். விஜய் தொலைக்காட்சியில் தமிழ் பேசிய ‘மகாபாரதம்’ தொடரின் பீமன் என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். இருவரும் ‘இண்டஸ் ஷேர்’ என்ற இணையாக மேடையேறினார்கள். பிறகு ‘வீர் மகான்’ என்ற பெயரில், நெற்றியில் பட்டையும் நீண்ட தாடியுமாக, 2022 ஏப்ரலில் அந்த நிறுவனத்தின் முதன்மை நிகழ்ச்சியான ‘ரா’வில் ரிங்கு தனியாகத் தோன்றினார். பந்து வீசியபோது கிடைக்காத கூட்டமும் தொலைக்காட்சி வெளிச்சமும் அங்கே கிடைத்தன. 2024 ஏப்ரலில் அந்த ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது.

அவர் ஏறிய படிகளும் இன்று அப்படியே இல்லை. 2021-இல் மேஜர் லீக் தன் கிளை அமைப்பைச் சுருக்கி, இணைந்த அணிகளின் எண்ணிக்கையை 120 ஆக்கியது. கல்ஃப் கோஸ்ட் லீக் வேறு பெயருக்கு மாறிற்று. ஸ்டேட் காலேஜ், சார்ல்ஸ்டன் இரண்டு ஊர்களின் அணிகளும் அந்த அமைப்பிலிருந்து வெளியேறின. தாமதமாகக் கற்பவர்களைச் சில ஆண்டுகள் வைத்துப் பார்க்க முன்பு இருந்த இடம் அந்த அளவுக்குக் குறைந்தது. மறுபக்கம் 2019-இல் மேஜர் லீக் புது டெல்லியில் அலுவலகம் திறந்தது. பள்ளிகளுக்குள் ஆட்டத்தைக் கொண்டுபோவது அதன் வேலை.

இந்திய வேருள்ள கைகள் அமெரிக்காவிலேயே வளர்ந்து மேலேறவும் தொடங்கிவிட்டன. குமார் ராக்கரின் தந்தை டிரேசி ராக்கர் அமெரிக்கக் கால்பந்து வீரர்; தாயின் பெற்றோர் ஆந்திரத்திலிருந்து குடியேறியவர்கள். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய குமார், 2019 ஜூனில் டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் ஒரு ஹிட்கூட விட்டுக்கொடுக்காமல் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். மேஜர் லீக் அணிகள் புதிய வீரர்களை வரிசைப்படி எடுக்கும் ஆண்டுத் தேர்வில், 2021-இல் நியூயார்க் மெட்ஸ் அவரை முதல் சுற்றில் தேர்ந்தெடுத்தது. மருத்துவப் பரிசோதனைக்குப் பின் ஒப்பந்தம் செய்யாமல் விட்டது. அடுத்த ஆண்டே டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவது இடத்தில் அவரை எடுத்தது. 2023-இல் அவருக்கும் அதே டாமி ஜான் அறுவை நடந்தது. வயது 23, குழந்தைப் பருவத்திலிருந்து ஆடிய கை, பின்னால் முதல் சுற்றில் தேர்வானவருக்குக் கிடைக்கும் முழுக் கவனிப்பு. 2024 செப்டம்பர் 12-ஆம் தேதி, சியாட்டில் மரினர்ஸ் அணிக்கு எதிராக, அவர் தமது முதல் மேஜர் லீக் ஆட்டத்தில் பந்து வீசினார்.